மூச்சுத் திணறும் மேற்குக் கடல்

சாக்கடை நீரில் சட்டம் அளக்காமல் விட்ட சரக்கு

மாஹிம் நிலையத்தை விட்டுப் பாந்த்ரா நோக்கிப் புறப்படும் மின்சார ரயில் பாலத்தின் மீது ஏறியதும், பெட்டியில் இருப்பவர்களின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடும். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்தான் "இது என்ன நாற்றம்?" என்று கேட்பார். பழகியவர்கள் கேட்பதில்லை. பாலத்துக்குக் கீழே போவது மித்தி ஆறு. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, சுமார் 18 கிலோ மீட்டர் ஓடி, தாராவியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் கடலோடு சேருகிறது. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது நகரத்தையே மூழ்கடித்த ஆறு இதுதான். மற்ற நாட்களில் இதை ஆறு என்று சொல்ல நா எழாது.

அந்த நாற்றம் அழுகிய முட்டையின் நாற்றம். அதற்குப் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. வெறும் அசுத்தத்தின் அடையாளம் என்று இதை விட்டுவிட முடியாது. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும்போது முதலில் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. அது தீர்ந்தால் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அதுவும் தீர்ந்தால் கடல் உப்பில் உள்ள சல்பேட்டுக்குப் போகின்றன. அப்போதுதான் இந்த நாற்றம் பிறக்கிறது. ஆக, மூக்கைப் பிடிக்கவேண்டிய இடம் என்றால், அங்கே மீன் மூச்சுவிடப் பிராணவாயு மிச்சம் இல்லை என்று பொருள்.

கடல் நீரில் பிராணவாயு எப்போதுமே அரிதான பண்டம். மும்பை போன்ற வெப்பமான ஊரில் ஒரு லிட்டர் கடல் நீர், காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 6 மில்லி கிராம் மட்டுமே. அது 2 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் ஓடிவிடும். ஓட முடியாத சிப்பி, புழு, நண்டுக் குஞ்சுகள் செத்து மடியும். உலகில் இப்படி மூச்சுத் திணறும் கடலோரப் பகுதிகள் 400-க்கும் அதிகம் என்று 2008-ல் டயஸ், ரோசன்பர்க் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவற்றின் மொத்தப் பரப்பு 2,45,000 சதுர கிலோ மீட்டர்.

இரண்டு வாகன் நைட்ரஜன்

கடலைத் திணற வைப்பது எது என்று கேட்டால் "சாக்கடை" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சாக்கடையில் உள்ள எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் கழிவு அழுகும்போது பிராணவாயு செலவாவது ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செய்யும் வேலை. வயலில் யூரியா போட்டால் பயிர் எழுகிறதல்லவா, அதேபோல் கடலில் மிதவைப் பாசி எழுகிறது. வளரும்போது பாசி பிராணவாயுவைத் தரவே செய்கிறது. ஆனால் அது மேல் மட்டத்து நீரோடும் காற்றோடும் போய்விடும். பாசி செத்து அடியில் விழுந்து அழுகும்போது, அடிநீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. வரவு மாடியில், செலவு கீழ்த் தளத்தில்!

இதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் கணக்கு தெளிவானது. கடல் பாசியில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106, 16, 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதன்படி 1 கிலோ நைட்ரஜன் வளர்க்கும் பாசி அழுகினால் ஏறத்தாழ 20 கிலோ பிராணவாயு வேண்டும். இதை மும்பைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெருநகர மும்பையில் 1 கோடியே 24 லட்சம் பேர். ஒருவர் உடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், நகரம் தினமும் அனுப்பும் நைட்ரஜன் 120 டன்னுக்கு மேல். இரண்டு சரக்கு வாகன்கள் கொள்ளும் பாரம். தினந்தோறும், ஞாயிறு விடுமுறை கூட இல்லாமல். எல்லாமே கடலைச் சேருவதில்லை. சேற்றில் கொஞ்சம் தங்கும், கொஞ்சம் வாயுவாகப் பறக்கும். பாதிதான் சேருகிறது என்று வைத்தாலும், அது நாளொன்றுக்கு 1,200 டன் பிராணவாயுவைக் கேட்கும் கடன்.

நாரையும் கழிமுகமும்

வொர்லியிலும் பாந்த்ராவிலும் கடலுக்குள் 3 கிலோ மீட்டருக்கு மேல் நீளும் சுரங்கக் குழாய்கள் போடப்பட்டிருக்கின்றன. உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த கழிவு நீர்த் திட்டத்தின் முதல் கட்டத்தில் அமைந்தவை இவை. கடல் பெரியது, கலந்து கரைந்துவிடும் என்பது அந்த ஏற்பாட்டின் எண்ணம். மும்பையின் ஏற்றவற்றம் பெரியது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் 5 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஆகவே திறந்த கடலில் அந்த எண்ணம் ஓரளவு பலிக்கவும் செய்கிறது. கழிமுகங்களில் அது பலிக்கவில்லை. மாஹிம், வெர்சோவா, தாணா கழிமுகங்களில் வற்றத்தின்போது வெளியே போகும் அழுக்கு நீர், ஏற்றத்தின்போது திரும்பி வந்துவிடுகிறது. மாஹிமில் கடல் வற்றும் வேளையில் பிராணவாயு ஏறக்குறைய பூஜ்யத்துக்கே இறங்கிவிடும்.

தாராவியில் வாழும் நம்மவர்களில் பலருக்கு, அந்த இடம் முன்பு கோலி மீனவர்களின் கிராமம் என்பது தெரியாது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் குடியேறுவதற்கு முன்பே, கழிமுகத்தில் வலை வீசிப் பிழைத்தவர்கள் அவர்கள். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. வலை வீசத்தான் தண்ணீர் இல்லை.

தாணா கழிமுகத்தில் ஒரு விசித்திரம். 1990-களிலிருந்து அங்கே சிவந்த இறக்கையுள்ள பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கின. இப்போது ஆண்டுதோறும் வருபவை லட்சத்தைத் தொடும். 2015-ல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அந்தக் கழிமுகம் அறிவிக்கப்பட்டது. செவ்ரியில் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்த்து மகிழ்கிறோம். அந்தப் பறவைகள் தின்பது நீலப் பச்சைப் பாசி. அந்தப் பாசியை வளர்ப்பதில் நகரத்தின் சாக்கடைக்குப் பங்கு உண்டு என்று பறவை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நாரைக் கூட்டத்தைக் கண்டு கழிமுகம் சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது, இனிப்புக் கடையில் ஈ மொய்ப்பதைப் பார்த்துச் சுத்தமான கடை என்பதைப் போல.

அடியிலிருந்து வரும் ஆபத்து

இதுவரை சொன்னது நகரத்தின் வாசலில் நடப்பது. வாசலுக்கு வெளியே, மேற்குக் கரை நெடுகிலும், இயற்கையே ஆண்டுதோறும் ஒரு திணறலைக் கொண்டுவருகிறது.

அரபிக் கடலின் நடு ஆழத்தில், ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே, பிராணவாயு மிகக் குறைந்த நீர் அடுக்கு ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த நீர் கரைமேட்டின் சரிவில் ஏறி வருகிறது. அதே சமயம் மழையும் ஆறுகளும் கொட்டும் நல்ல நீர் கடலின் மேல் மெல்லிய மூடியாகப் படிகிறது. மூடி இருப்பதால் காற்று அடிநீரை எட்டுவதில்லை. கீழே இருப்பது ஏற்கனவே இளைத்த நீர். அதன்மேல் பாசி செத்து விழுகிறது. செப்டம்பர், அக்டோபரில் நிலைமை உச்சத்துக்குப் போய், வாடைக் காலம் தொடங்கிய பிறகே தெளிகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1959-லேயே, பம்பாய்க்கு எதிரே பிராணவாயு குறைந்த அடுக்கு கரையை நோக்கி ஏறுவதையும் அது மீன்பிடிப்பைப் பாதிப்பதையும் பற்றி, கர்ருதர்ஸ், கோகடே, நாயுடு, லாவஸ்து ஆகிய நால்வர் "நேச்சர்" பத்திரிகையில் எழுதினார்கள். அதே ஆண்டில் பான்ஸே என்ற விஞ்ஞானி, கேரளக் கரையில் இந்த நீர் ஏறும்போது அடிமட்ட மீன்கள் இடம் பெயர்வதை விளக்கினார்.

ஆனால் 1999-ல் கண்டது வேறு ரகம். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிலையத்தின் விஞ்ஞானி நக்வியும் அவருடைய குழுவினரும் அந்த ஆண்டு பருவமழைக்குப் பின் மேற்குக் கரையோரக் கடலை அளந்தபோது, பிராணவாயு மட்டுமல்ல, நைட்ரேட்டும் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடே தலைகாட்டியிருந்தது. மாஹிம் பாலத்தடியில் உள்ள அதே வாயு, திறந்த கடலில்! திணறிய பரப்பு ஏறத்தாழ 1,80,000 சதுர கிலோ மீட்டர் என்று 2000-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறியது. தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோ மீட்டர்தான் என்பதை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நீரிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு பெருமளவில் கிளம்புவதையும் அவர்கள் கண்டார்கள். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல எடைக்கு எடை 270 மடங்கு வலிமை கொண்டது.

இயற்கையான இந்தத் திணறலை மனிதன் எந்த அளவுக்கு மோசமாக்கியிருக்கிறான்? நிலத்திலிருந்து வரும் நைட்ரஜன் அதைக் கூட்டியிருக்கிறது என்பது நக்வி குழுவின் கருத்து. காற்றும் நீரோட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே பெரிய காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் தகராறு இல்லை. ஏற்கனவே மூச்சுத் திணறும் நோயாளியின் அறையில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

காலத்தின் பொருத்தத்தையும் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடிப்புக்குத் தடை. ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாரளி பூர்ணிமாவன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துப் படகு இறக்குகிறார்கள். இரண்டு மாத வருமானம் இல்லாமல் கடன் வாங்கிக் காத்திருந்தவர்கள் முதல் வலையை வீசும் அந்த நாட்களில்தான், பிராணவாயு இல்லாத நீர் கரைமேட்டில் ஏறி நிற்கிறது. திணறலுக்குத் தப்பிக் கரைப்பக்கம் ஒதுங்கும் மீன் ஒரு நாள் வலை நிறைய விழும். மறுநாள் ஒன்றும் இருக்காது. நெருங்கிக் கிடக்கும் மீனைப் பிடிப்பதைப் பெருக்கம் என்று எண்ணிவிடும் அபாயமும் இதில் உண்டு.

ஜுஹுவில் நீல வெளிச்சம்

2020 நவம்பரில் ஜுஹு கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் வேலை என்று விளக்கினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் குளிர்காலத்து அரபிக் கடலில் பச்சை நாக்டிலூகா பெருகிவருவதற்கும், பிராணவாயு குறைந்த நீர் மேலே வருவதற்கும் தொடர்பு இருப்பதாக 2014-ல் ஹெல்கா கோமஸ், ஜோகிம் கோஸ் முதலிய விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். அந்த உயிர் மற்றப் பாசிகளைத் தின்றுவிடும். தன்னைத் தின்ன மீன்கள் விரும்பாது.

ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்தவர்களுக்கு இதன் கெட்ட முகம் நினைவிருக்கும். 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பகுதியில் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. தீவுகளைச் சுற்றி இருந்த பவளப் பூச்சிகள், நாக்டிலூகா பெருகி அழுகியதால் பிராணவாயு இல்லாமல் மடிந்தன என்று தூத்துக்குடியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள்.

சட்டம் எதை அளக்கிறது?

மகாராஷ்டிரம் இந்த விஷயத்தில் முந்திக்கொண்ட மாநிலம். மத்திய அரசின் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ 1970-லேயே பிறந்துவிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. அளவுகோலில்தான் கோளாறு.

சாக்கடை நீரின் தரத்தைச் சொல்ல அதிகாரிகள் முதலில் எடுப்பது "பி.ஓ.டி." என்ற எண். மாதிரி நீரைப் புட்டியில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவைத் தின்றன என்று பார்ப்பது அது. கண்ணுக்குத் தெரியும் கழிவை அது நன்றாக அளக்கும். நைட்ரஜன் பின்னால் கடலில் வளர்க்கப்போகும் பாசியை அது அளக்காது. புட்டிக்குள் வெயில் ஏது?

இதனால் வரும் விபரீதத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு லிட்டர் சாக்கடை நீரின் பி.ஓ.டி. 200 மில்லி கிராம் என்று வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு நிலையம் அதை 20 ஆகக் குறைத்துவிட்டது. நீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் நைட்ரஜனின் பெரும்பகுதி அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ கரைந்தபடியே வெளியேறும். லிட்டருக்கு 30 மில்லி கிராம் மிஞ்சினாலும், அது முழுவதும் பாசியானால் 600 மில்லி கிராம் பிராணவாயுவைக் கேட்கும். 180-ஐக் குறைத்துவிட்டு 600-ஐ அனுப்பி வைக்கிறோம்.

இந்த ஓட்டை டில்லிக்குத் தெரியாததல்ல. 2015 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட நகல் விதிகளில், சுத்திகரித்த நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. பி.ஓ.டி.க்கும் 10 தான் வரம்பு. 2017 அக்டோபரில் இறுதி அறிவிப்பு வந்தபோது நைட்ரஜன் வரம்பே காணாமல் போயிருந்தது. பி.ஓ.டி. பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என்று தளர்ந்திருந்தது. நகலில் இருந்த வரி அசலில் இல்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தளர்வை ஏற்க மறுத்து, பெருநகரங்களுக்குப் பி.ஓ.டி. 10, நைட்ரஜன் 10 என்று நிபுணர் குழு சொன்ன கடுமையான வரம்பை வலியுறுத்தியது. அதிலும் பாஸ்பரஸுக்கான 1 மில்லி கிராம் வரம்பு ஏரி, குளங்களில் விடும் நீருக்குத்தான் பேசியது, கழிமுகத்துக்கு அல்ல.

நாடு முழுவதும் பார்த்தால் நிலைமை இன்னும் பரிதாபம். 2021-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த கணக்கின்படி நகரங்களில் தினமும் உண்டாகும் கழிவு நீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வயல்களின் பங்கு தனிக்கதை. 45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபாய்க்குக் கிடைப்பதும், 2010-ல் மற்ற உரங்களுக்கு வந்த சத்து அடிப்படையிலான மானிய முறைக்குள் யூரியா வராமல் போனதும், தேவைக்கு மேல் தூவும் பழக்கத்தை வளர்த்துவிட்டன. பயிர் எடுத்துக்கொள்ளாதது மழையோடு ஆற்றுக்குப் போகிறது. உரத்தைக் குறைத்தால் கடல் தேறுமா என்பதற்குக் கருங்கடல் சாட்சி. 1980-களில் அதன் வடமேற்குப் பகுதி ஆண்டுதோறும் திணறிக்கொண்டிருந்தது. 1990-க்குப் பின் சோவியத் ஆட்சி சரிந்து, சுற்றியிருந்த நாடுகளில் உர மானியம் நின்றது. சில ஆண்டுகளிலேயே கடலடி உயிர்கள் திரும்பி வரத் தொடங்கின. திட்டம் போட்டுச் செய்ததல்ல. விவசாயிகளின் கஷ்டத்தில் கிடைத்த பலன். அதை யாரும் வழியாகச் சொல்ல முடியாது.

17,200 கோடி ரூபாயின் கேள்வி

மும்பையில் இப்போது சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. வொர்லி, பாந்த்ரா, தாராவி, மலாட், காட்கோபர், பாண்டூப், வெர்சோவா ஆகிய ஏழு இடங்களில், நாளொன்றுக்கு 246 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு 2023 ஜனவரி 19-ந் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 17,200 கோடி ரூபாய். தாராவி நிலையம் மட்டும் நாளுக்கு 41.8 கோடி லிட்டர் கொள்ளும்.

நைட்ரஜனை எடுப்பது முடியாத காரியம் அல்ல. காற்றூட்டிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அடுத்த தொட்டியில் காற்றை நிறுத்திவிட்டால், வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். பாஸ்பரஸை இரும்பு அல்லது அலுமினிய உப்பைக் கலந்து வண்டலாக இறக்கலாம். ஆனால் இதற்குத் தொட்டியும் வேண்டும், மின்சாரமும் வேண்டும், இரவு பகலாகக் கவனிக்கும் ஆளும் வேண்டும். செலவைச் சுருக்க நினைக்கும் குத்தகைதாரர் முதலில் கை வைக்கக்கூடிய இடம் இதுதான். பி.ஓ.டி. சரியாக இருக்கும்வரை வெளியே யாருக்கும் தெரியாது. நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு புதுத் தொட்டி கட்ட இந்த நகரத்தில் இடமும் கிடைக்காது.

எனவே கேட்க வேண்டியவற்றை இப்போதே கேட்கவேண்டும். ஏழு நிலையங்களிலும் வெளியேறும் நீரில் மொத்த நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் குத்தகையில் எழுதிய வரம்பு என்ன, அதை யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பார்கள், மீறினால் அபராதம் எவ்வளவு, அளந்த எண்ணைப் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம் என்பவை அவை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சியின் பொதுத் தகவல் அதிகாரிக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றில் எதில் எழுதினாலும் செல்லும். கட்டணம் 10 ரூபாய். பதில் தர அவர்களுக்கு உள்ள கெடு 30 நாள்.